பதினோரு பேருக்கும் பொட்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அட்டைகளுக்குத் தரம் பார்க்கிற பிள்ளைகள் உங்களுக்குக் கற்றுக்கொடுக்க என்னிடம் பெரிதாக எதுவும் இல்லை. போன மாதம் தெம்பனிஸில் உங்கள் கடைக்கு வந்திருந்தேன். பழைய கால்பந்து அட்டை ஒன்றைப் பார்க்க என்ன ஏற்பாடு! கையுறை, வட்ட விளக்கு, கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸ், அட்டையைப் படுக்கவைக்க ஒரு பிளாஸ்டிக் பெட்டி. ஒரு தம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு அட்டையைத் தூக்கியதைப் பார்த்தபோது பிரசவ வார்டுக்கு வந்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

எங்கள் காலத்தில் இருந்த கருவிகள் மூன்றுதான். கடை முன் நடைபாதையான அஞ்சடியில் விழும் காலை வெளிச்சம், ஓர் அடி ஸ்கேல், என் முந்தானை. முந்தானை எதற்கு என்று சிரிக்கவேண்டாம். இந்த ஊர் வெக்கையில் வியர்த்த விரலோடு அட்டையைத் தொட்டுப்பாருங்கள், தெரியும்.

ஐம்பதுகளின் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தேன். சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பழைய புத்தகக் கடை. புத்தகம், வார இதழ், தபால்தலை, இவற்றோடு விளையாட்டுக்காரர் படம் போட்ட அட்டைகளையும் வாங்கி விற்போம். போருக்கு முன்னால் சிகரெட் பெட்டிக்குள் வந்தவை, பின்னால் பபுள்கம்மோடு வந்தவை, கப்பல்காரர்களும் வெள்ளைக்கார சிப்பாய்களும் விட்டுப்போனவை. முதலாளி நாகூர்ப் பக்கத்துக்காரர். அட்டைகளைத் தரம் பார்க்கும் மேசையை அவர் என்னிடம் கொடுத்தபோது பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பொம்பளைப் பிள்ளைக்குக் கால்பந்து பற்றி என்ன தெரியும் என்றார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்னவென்று இன்றைக்கும் தெரியாது. அதுதான் எனக்கு வசதி. படத்தில் இருப்பவர் எத்தனை கோல் அடித்தார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் கண் கட்டிவிடும். முனை மழுங்கியிருப்பது தெரியாது, நடுவில் மடிப்பு விழுந்தது தெரியாது, ஓரத்தை எவனோ கத்தரிக்கோலால் சீவி நேராக்கியிருப்பது தெரியாது. எனக்கு எல்லாரும் காற்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள். நான் முனையைத்தான் பார்ப்பேன்.

நீங்கள் இப்போது அட்டையின் தரத்துக்கு எண் போடுகிறீர்கள். நான் பேர் வைத்திருந்தேன். முனை கூராக, நிறம் குலையாமல் இருந்தால் ‘புதுமாப்பிள்ளை’. முனை கொஞ்சம் தேய்ந்து, நாலு பேர் கைபட்டு, ஆனாலும் நிமிர்ந்து நின்றால் ‘குடும்பஸ்தன்’. மடிப்பு, கறை, பின்பக்கம் பசை, ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை எல்லாம் சேர்ந்துவிட்டால் ‘பென்ஷன்காரர்’. முதலாளிக்கு இது மிகவும் பிடித்துப்போய், கடைக்கு வருகிறவர்களையும் இதே கணக்கில் பிரிக்க ஆரம்பித்தார்.

இது நிலைமை பற்றிய பேச்சு. இன்னொன்று, அரிதா இல்லையா என்பது. எல்லாப் பெட்டியிலும் கிடைத்த அட்டைக்குச் ‘சாதா’ என்று பேர். சாதா தோசை மாதிரி, சாதா கார்டு. வருகிறதில் பத்தில் ஒன்பது சாதாதான். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்வது இருக்கிறதே, அதைவிடக் கஷ்டம் இந்தத் தொழிலில் வேறில்லை. ஒருவர் ஆசை ஆசையாகச் சேர்த்ததைச் சாதா என்பது, பெண் பார்க்கப் போன வீட்டில் பஜ்ஜியைத் தின்றுவிட்டுப் பெண் சுமார் என்பதற்குச் சமம். அதை எப்படிச் சொல்வது என்று எனக்குப் புரியவைத்த ஒரு விஜயதசமிக் காலையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

நவராத்திரி தொடங்கிய வாரம் ஒரு தம்பதி வந்தார்கள். அவர் பேர் சண்முகம், துறைமுகத்தில் கிளார்க். அவர் மனைவி பாக்கியம். அவர் கைக்கு ஒன்றாக இரண்டு பெரிய பிஸ்கட் டின்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் வெறுங்கையோடு, அந்த டின்களை ஏதோ மாமியாரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“தங்கச்சி, நீங்கதான் கார்டு பாக்கறவங்களா? ஒரே ஒரு கேள்விதான். இது பொருளா, குப்பையா?”

“பாக்கியம், மெதுவா,” என்றார் சண்முகம்.

“மெதுவா என்ன மெதுவா. குவீன்ஸ்டவுன்ல ஃப்ளாட் கிடைச்சிருக்கு தங்கச்சி. ஒரே ரூம். நாலு பேர் காலை நீட்டணும். விஜயதசமி அன்னிக்குப் பால் காய்ச்சறோம், மத்தியானம் லாரிக்காரன் வர்றான். பொருள்னா லாரியில ஏறட்டும். குப்பைன்னா பழைய சாமான் வாங்கற காராங்குனிக்காரன் எடுத்துட்டுப் போகட்டும். நான் சொன்னா இவர் கேக்க மாட்டார், இவர் சொன்னா நான் கேக்க மாட்டேன். மூணாம் மனுஷர் சொல்லட்டும்னு பேசிக்கிட்டு வந்திருக்கோம்.”

சண்முகம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் வாயைப் பார்க்கிற நோயாளி மாதிரி இருந்தது அவர் முகம். விஜயதசமி அன்றைக்குக் காலையில் வந்து பதிலைக் கேட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

டின்களைத் திறந்து பார்த்தேன். நன்றாக வைத்திருந்தார் மனுஷர். அட்டைகளுக்கு நடுவில் எண்ணெய்க் காகிதம், மூலையில் கற்பூர வில்லை. ஒன்றில்கூடப் பூஞ்சை இல்லை. இந்த ஊரில் அது சாதாரண விஷயமா? என் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலேயே பூஞ்சை இருந்தது. பெரும்பாலானவை நல்ல குடும்பஸ்தன்கள், சில புதுமாப்பிள்ளைகள். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வைக்க எனக்கு மனம் இறங்கிக்கொண்டே போனது. எல்லாம் சாதா. எங்கள் கடை டப்பாவிலேயே இதே முகங்கள் சீந்துவாரில்லாமல் கிடந்தன. இரண்டு டின்னையும் சேர்த்து விற்றால் ஒரு குடும்பம் உட்கார்ந்து கோப்பி குடிக்கலாம். வடைக்குப் பத்தாது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சண்முகம் தனியாக வந்து நின்றார். வியர்த்து விறுவிறுத்து, துறைமுகத்திலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறார்.

“மிஸ், பாத்துட்டீங்களா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

“ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லுங்க மிஸ். ஸ்பெஷல்னு வேணாம். ‘பரவாயில்ல, வெச்சிருக்கலாம்’னு சொன்னாப் போதும் லா.”

“அப்படிச் சொல்ல முடியாதுங்க.”

“நான் சிகரெட் பிடிக்கறதில்ல. சீட்டாடறதில்ல. சம்பளக் கவரைப் பிரிக்காம அப்படியே அவ கையில குடுத்துடறேன். எனக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான்.”

“இதை என்கிட்ட சொல்றீங்களே, அவங்ககிட்ட சொன்னீங்களா?”

அவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “அதெல்லாம் எப்படி மிஸ் சொல்றது,” என்று முனகிவிட்டுப் போய்விட்டார்.

உங்களில் யாராவது இந்த இடத்தில், ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். எனக்கும் அன்றைக்கு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நான் பொருள் என்று சொன்னால் அந்த அம்மாள் அதை நம்பி, இட நெருக்கடியில் நாலு பேர் காலை மடக்கிப் படுத்து, அந்த டின்களைக் காப்பாற்றுவாள். பிறகு என்றைக்கோ ஒரு கஷ்டத்தில், பிள்ளைக்குக் காய்ச்சலோ அவருக்கு வேலை போயோ, அவற்றைத் தூக்கிக்கொண்டு வேறொரு கடைக்குப் போவாள். அங்கே ஒருவன் அவள் முகத்துக்கு நேரே சிரிப்பான். நம் வாயிலிருந்து வரும் சொல் வாடிக்கையாளர் வீட்டில் பல வருஷம் குடியிருக்கும், அதனால் பார்த்துத்தான் அனுப்பவேண்டும். சாதா என்று சொல்லியே தீருவது என்று முடிவு செய்தேன். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி கோவிந்தசாமி அண்ணன். எங்கள் கடையில் கிழிந்த புத்தகங்களுக்கு அட்டை கட்டுகிறவர். பக்திமான் என்றால் அப்படி ஒரு பக்திமான். கடையில் ஆயுதபூஜை அவர் பொறுப்பு. முதலாளி இஸ்லாமியராக இருந்தாலும் அதில் தலையிடமாட்டார். பொரியும் பழமும் வாங்கப் பணம் கொடுத்துவிட்டு, பூஜை முடியும்வரை வெளியே அஞ்சடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பொரியில் வெல்லம் நிறையப் போடச் சொல்லி உள்ளே குரல் மட்டும் கொடுப்பார்.

ஆயுதபூஜை அன்றைக்கு எங்கள் வீட்டிலும் பூஜை என்பதால் நான் சீக்கிரமே கிளம்பிவிட்டேன். சண்முகத்தின் டின்களை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். பதினோரு அட்டைகளை மட்டும் மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். ஒரே அணியின் பதினோரு ஆட்டக்காரர்கள், முகம் மட்டும் பெரிதாகப் போட்ட அட்டைகள். காலை வெளிச்சத்தில் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒருவேளை அச்சுப் பிழை, நிறப் பிழை என்று ஏதாவது கண்ணில் பட்டால், பிழையுள்ள அட்டை அரிது என்பதால், ஸ்பெஷல் என்று உண்மையாகவே சொல்லலாமே என்று ஒரு நப்பாசை.

மறுநாள் விஜயதசமி. கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

பசைச் சட்டி, தையல் ஊசி, கத்தரிக்கோல், டைப்ரைட்டர், என் அடி ஸ்கேல், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். அது வழக்கம்தான். என் மேசையில் பதினோரு வெள்ளைக்காரர்களும் நெற்றியில் சந்தனம் இட்டு, அதன் நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கைவேலைக்காரர் அல்லவா, ஒன்றுகூடக் கோணவில்லை. நடுவகிடு எடுத்தவருக்கு வகிட்டுக்கு நேர் கீழே. வழுக்கைக்காரருக்கு நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கொஞ்சம் மேலே. கோல்கீப்பரைப் பார்த்தால் பங்குனி உத்திரத்துக்குக் காவடி எடுத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார்.

“அண்ணே, என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?”

“ஏன், என்னாச்சு?”

“கார்டுக்கெல்லாம் எதுக்கு வெச்சீங்க?”

“மேசைமேல இருந்துச்சே. என் ஆயுதம் ஊசி, உன் ஆயுதம் அதுதானேம்மா.”

“அது என் ஆயுதம் இல்லண்ணே. வாடிக்கையாளரோட சொத்து.”

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “முதல்ல ஒருத்தருக்குத்தான் வெச்சேன்,” என்றார். “அப்புறம் பார்த்தா டீமா நிக்கறாங்க. ஒருத்தனுக்கு வெச்சு இன்னொருத்தனை விட்டா நல்லாவா இருக்கும்?”

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஈரச் சந்தனம் ராத்திரி முழுக்கக் காகிதத்தில் ஊறிவிட்டது. குங்குமம் அதற்குள் இறங்கிச் சிவப்பாகப் படர்ந்திருந்தது. நல்ல குடும்பஸ்தன்கள் பதினோரு பேரும் ஒரே ராத்திரியில் பென்ஷன் வாங்கிவிட்டார்கள். சரி, ஒன்றையாவது துடைத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினால் அண்ணன் குறுக்கே பாய்ந்தார்.

“தொடாதம்மா, இன்னும் பூஜையை இறக்கல. ராகுகாலம் முடிஞ்சு கற்பூரம் காட்டினப்புறம்தான் எடுக்கணும்.”

ஆக, தப்பைத் திருத்தவும் நல்ல நேரம் பார்க்கவேண்டியிருந்தது.

வெளியே அஞ்சடியில் உட்கார்ந்திருந்த முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். என்னை வாசலுக்குக் கூப்பிட்டார்.

“என்னம்மா, அந்தப் பதினோரு பேரும் சாதாதானே?”

“ஆமா முதலாளி.”

“நம்ம டப்பாவுல இருக்காங்கள்ல?”

“இருக்காங்க.”

“அப்ப மாத்தி வெச்சிரு. சாதான்னா ஒண்ணுக்கு ஒண்ணு என்ன வித்தியாசம்? அந்தாளுக்கும் நஷ்டமில்ல, கோவிந்தசாமிக்கும் அவமானமில்ல.”

முதலாளி மோசமானவர் இல்லை. கோவிந்தசாமி அண்ணன் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்துவிட்டார், அதுதான் காரணம். நியாயமான யோசனையாகத்தான் எனக்கும் பட்டது. டப்பாவை எடுத்துப் பதினோரு பேரையும் தேடி எடுத்துவிட்டேன். எடுத்து வரிசையாக வைத்த பிறகுதான் உறைத்தது. எங்களுடைய அட்டைகள் யாரும் சீந்தாததால் புதுமாப்பிள்ளையாகவே இருந்தன. அவருடையவை தேய்ந்தவை. ஒவ்வொன்றையும் எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருந்தால் முனை அப்படித் தேயும்? அந்தத் தேய்மானம் முழுக்க அவருடைய விரல்தான். ஒரே படமாக இருக்கலாம், ஆனால் அது அவர் அட்டை இல்லை. நான் சாதா என்று சொல்லப்போவது எதைப் பற்றி? எங்கள் டப்பாவிலிருந்து எடுத்ததைப் பற்றியா?

“மாத்த மாட்டேன் முதலாளி.”

“பாத்துக்க. அந்தம்மா சத்தம் போட்டா நான் எழுந்து உள்ளே வர மாட்டேன். பூஜை நடக்குது.”

“வர வேணாம். நானே பேசிக்கறேன்.”

வாய் அப்படிச் சொல்லிவிட்டது. டப்பாவை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். கற்பூரம் காட்டுவதற்கு முன்னாலேயே அவர்கள் வந்துவிட்டார்கள். பாக்கியம் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. கையில் பால் காய்ச்சப் புதுப் பானை. சண்முகம் புதுச் சட்டையில், கல்யாணத்துக்குப் போகிறவர் உடுப்பும் தேர்வு முடிவு பார்க்கப் போகிறவர் முகமுமாக வந்தார்.

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கெட்ட செய்தி இருந்தால், நம் தப்பை முதலில் சொல்லிவிடவேண்டும். அவர்கள் பொருளின் குறையை முதலில் சொல்லி, அதற்குப் பின்னால் நம் தப்பை ஒளித்துக்கொண்டு போகக்கூடாது. நான் நேராக மேசைக்கு அழைத்துப்போய், “எங்க கடையில ஒரு தவறு நடந்துபோச்சு, மன்னிச்சிடுங்க,” என்று காட்டினேன்.

பாக்கியம் விளக்கைப் பார்த்தாள், ஊதுவத்தியைப் பார்த்தாள், நெற்றி நிறையச் சந்தன குங்குமத்தோடு இருந்தவர்களைப் பார்த்தாள், பானையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைகூப்பிக் கும்பிட்டுவிட்டாள். கும்பிட்ட பிறகுதான் யாரைக் கும்பிடுகிறோம் என்று தெரிந்து கையை எடுத்தாள்.

சண்முகம் மேசைப் பக்கம் வந்தார். குனிந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசி அட்டைவரை பார்த்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கோவிந்தசாமி அண்ணன் அவர் முன்னால் போய் நின்றார். “தம்பி, நான்தான் வெச்சேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் வெச்சேன்,” என்றார். சண்முகம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “பரவாயில்லண்ணே,” என்றார். அந்தப் பரவாயில்லையைக் கேட்டபோது, அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

“அது கிடக்கட்டும் தங்கச்சி,” என்றாள் பாக்கியம். “என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. பொருளா, குப்பையா?”

“எல்லாம் சாதாக்கா. கடையில குடுத்தா விலைன்னு பெருசா ஒண்ணும் வராது. ஆனா இவ்வளவு பத்திரமா, பூஞ்சை பிடிக்காம யாரும் வெச்சிருந்து நான் பார்த்ததில்ல. அதுவும் உண்மை.”

“அப்ப குப்பை.”

“சாதான்னுதான் சொன்னேன். குப்பைங்கற வார்த்தை உங்களோடது.”

பாக்கியம் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஜெயித்த மாதிரியே இல்லை அவள் முகம். “பேச்சுன்னா பேச்சு,” என்றாள் புருஷனைப் பார்க்காமல். “டின்னை எடுத்துக் குடுங்க தங்கச்சி. போற வழியில காராங்குனிக்காரன் நிப்பான்.”

நான் அலமாரியைத் திறந்து டின்களை எடுத்து வைத்தேன். மேசைமேல் இருந்த பதினொன்றையும் காட்டி, “இதுவும் அதோட போகணும்ல,” என்று அவள் கேட்டதும் கோவிந்தசாமி அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

“அம்மா, பூஜையில வெச்சதும்மா. குப்பைக்குப் போகலாமா?”

பாக்கியம் யோசித்தாள். விஜயதசமியும் அதுவுமாக, பால் காய்ச்சப் போகிற வழியில், பூஜையில் வைத்ததைத் தூக்கிக் குப்பைக்காரனிடம் கொடுப்பதா? அவள் கை தானாகப் போய்த் தாலியைத் தொட்டது.

“சரி, பொட்டு வெச்சது வரட்டும். அதைப் போட மாட்டேன். மத்தது போகட்டும்.”

சண்முகம் மெல்லத் தலையைத் தூக்கினார்.

“அண்ணே, பூஜை முடிஞ்சிருச்சா?”

“இன்னும் இறக்கல தம்பி.”

அவர் எழுந்தார். டின்னைத் திறந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்து, அட்டைகளை வரிசையாகப் பரப்பினார். சந்தனக் கிண்ணத்தையும் குங்குமச் சிமிழையும் பக்கத்தில் நகர்த்தி வைத்துக்கொண்டார். விரலைச் சந்தனத்தில் தொட்டு, முதல் அட்டையின் நெற்றியில் வைத்தார்.

இத்தனை வருஷம் ஒரு சொட்டு ஈரம் படாமல் வைத்திருந்தவர் அவர். இப்போது ஒவ்வொன்றாக, தன் கையாலேயே. நான் பார்க்கப் பார்க்க ஒரு வரிசைக் குடும்பஸ்தன்கள் பென்ஷன்காரர்களானார்கள். புதுமாப்பிள்ளைகளையும் அவர் விடவில்லை. வேலை பார்த்த அத்தனை காலத்திலும் ஓர் அட்டை கெடுவதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா நின்றது அன்றைக்கு ஒருநாள்தான். வாசலில் முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

பாக்கியமும் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் அட்டைகளைக் கெடுத்துத்தான் காப்பாற்றுகிறார் என்பது அவளுக்கும் புரிந்திருக்கவேண்டும். அவளுக்கு அட்டை பற்றித் தெரியாது, ஆனால் அட்டைமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் புருஷன் பதறுவது தெரியும்.

“அது என்ன, ஒண்ணை மட்டும் தள்ளித் தள்ளி வெக்கறீங்க?” என்றாள் கொஞ்சம் பொறுத்து.

“வெக்கறேன். கடைசியில வெக்கறேன்.”

“ஏன் கடைசியில?”

அவர் அடுத்த அட்டைக்குப் பொட்டு வைத்தார்.

“கேக்கறேன்ல.”

“அது… ஒரு கப்பல்காரன் குடுத்தது. அன்னிக்கே அவன் கப்பல் கிளம்பிருச்சு. ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன்.”

“என்னிக்கு?”

“நம்ம கல்யாணத்தன்னிக்குக் காலையில.”

பாக்கியம் பானையை என் மேசைமேல் இறக்கி வைத்தாள்.

“மாப்பிள்ளையைக் காணோம்னு எங்கப்பா கோயில் வாசல்ல நின்னு தேடுதேடுன்னு தேடினாரே, அது இதுக்கா?”

“முகூர்த்தத்துக்குள்ள வந்துட்டேன்ல.”

“பஸ் கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க. இத்தனை வருஷமா பஸ்ஸைத் திட்டிக்கிட்டிருக்கேன்.”

கோவிந்தசாமி அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. சண்முகம் தலையைக் குனிந்தபடி, விரலைச் சந்தனத்தில் தொட்டு அந்த அட்டைப் பக்கம் கொண்டுபோனார். பாக்கியம் சட்டென்று குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“விடுங்க. இதுக்கு வேணாம்.”

“பொட்டு வெக்கலேன்னா குப்பைக்குப் போயிடும்ல பாக்கியம்.”

“நான் வரச் சொன்னா வரும். போதும் எழுந்திரிங்க. மிச்சத்தையும் கெடுத்து வெக்காதீங்க, அப்படியே டின்னுல போடுங்க. அரிசிப் பானைக்குப் பின்னால இடம் பண்ணிக்கலாம். லாரிக்காரன் வந்துடுவான்.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது மனுஷருக்கு. எனக்கும்தான், அதிலென்ன வெட்கம். அவசர அவசரமாக எழுந்து அந்த அட்டையை எடுக்கப் போனவர், பத்து விரலிலும் சந்தனம் இருப்பதைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

“நீங்க இருங்க தங்கச்சி,” என்றாள் பாக்கியம். புடவைத் தலைப்பில் கையை அழுத்தித் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முகப்பில் விரல் படாமல், இரண்டு பக்க ஓரத்தையும் நுனி விரலால் பிடித்து அட்டையைத் தூக்கினாள். எங்கள் தொழிலில் ஒருவருக்கு அந்தப் பிடி வர ஆறு மாதமாகும்.

“ஓரத்துலதான் பிடிக்கணும், தெரியும்,” என்றாள் என்னிடம். “எத்தனை வருஷமா இவர் பிடிக்கறதைப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

அதற்குள் ராகுகாலம் முடிந்து அண்ணன் கற்பூரம் காட்டினார். மற்ற அட்டைகளை நான் டின்களில் அடுக்கிக் கொடுத்தேன். சண்முகம் பானையை ஒரு டின்மேல் வைத்து இரண்டு டின்னையும் அணைத்துக்கொண்டு அஞ்சடியில் முன்னால் நடந்தார். அவள் அந்த அட்டையை முகத்துக்கு நேராக ஏந்தியபடி, கல்யாணத்தன்றைக்கு அவர் தாமதமாக வந்ததற்கு அப்போதுதான் முதல்முறையாகத் திட்டிக்கொண்டு பின்னால் போனாள்.